லாகிரி படத்துக்கு அப்பா வாசித்த முடிவு

செயின்ட்-மிஷேல்
21 ஓகஸ்ட் 2005

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்க்லாண்டில் நீங்களும் றொக்சன் அண்ணை வீட்டாரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். தொலைபேசியில் எனக்குக் கதை வராது, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் வங்காள இயக்குநர் சுபிமல் லாகிரி இங்கே வருகிறார். ஐம்பது வருடம் படம் எடுத்ததற்காகத் திரைப்பட விழாவில் விருது கொடுக்கிறார்கள். வானொலியில் கேட்டதிலிருந்து அப்பா ஓரிடத்தில் இருக்கிறாரில்லை. "மன்னாரிலை எங்கடை கோயில் பங்கு மண்டபத்திலை அந்தாளை எப்பவோ கொண்டாடிப்போட்டம். இவங்களுக்கு இப்பதான் விடிஞ்சிருக்கு" என்கிறார்.

அன்றைக்கு, அப்பா மன்னாரில் போட்டுக்காட்டிய, வாத்தியாரின் மனைவி வீட்டை விட்டுப் போகிற அந்தப் படத்தைப் போடுகிறார்களாம். சீனி வியாதி அப்பாவின் மற்றக் கண்ணையும் எடுத்துவிட்டது. திரையில் வரும் பிரெஞ்சு எழுத்தை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். அவ்வளவு சனத்துக்குள் என்னால் வாய் திறக்க ஏலாது. நீங்களும் வாருங்கள். வந்து, அப்படியே எங்களோடு வீட்டுக்கும் வந்துவிடுங்கள். நீங்கள் போய், அப்பாவைப் பார்க்கவென்று நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒன்பது மாதம். களைப்பாக இருக்கிறது அம்மா.

அன்பு மகள்
மெலனி

கர்க்லாண்ட்
27 ஓகஸ்ட் 2005

என் செல்லப் பிள்ளைக்கு,

நீ மெலிந்துபோனாய் என்று அண்ணை சொன்னான். என்னோடு வா என்று நான் வெளிக்கிட்ட அன்றைக்கே கூப்பிட்டேன், நீ கேட்கவில்லை.

விழாவுக்கு நான் வரவில்லை. லாகிரி எனக்கு இருபத்தெட்டு வருடச் சக்களத்தி. அண்ணை பிறந்த அன்றும் உன் கொப்பர் மன்னாரில் பங்கு மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் படத்தின் ஆங்கில எழுத்தைச் சனத்துக்குத் தமிழில் வாசித்துக்கொண்டு நின்றவர். விட்டுப்போன மனைவி கடைசியில் திரும்பி வருகிறாள் என்று வாசிப்பார். சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

வீட்டுக்கு வருவதைப் பற்றிப் பிறகு யோசிப்போம். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

செயின்ட்-மிஷேல்
6 செப்டெம்பர் 2005

அன்புள்ள அம்மாவுக்கு,

போய்வந்தோம். லாகிரி ஐயா தடியூன்றி மேடைக்கு வந்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அப்பாவும் எழும்பினார், ஆனால் சுவரைப் பார்த்துக் கைதட்டினார். நான்தான் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

படம் தொடங்கியதும் அவர் காதுக்குள் சொன்னேன். "உரத்துச் சொல்லு பிள்ளை. பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்க வேண்டாமோ?" என்றார். நாலு பக்கமும் உஷ் என்றார்கள். எனக்கு உயிர் போய் வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அம்மா, அந்த மனைவி திரும்பி வரவேயில்லை. "என்னைத் தேட வேண்டாம்" என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறாள். படம் அதோடு முடிகிறது. நான் உள்ளபடி சொன்னேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்பிடி வாசிக்கக் கூடாது. பிறகு சனம் என்னெண்டு வீட்டை போறது?"

மெட்ரோவில் கேட்டேன்: "அவள் வரேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"முதல் நாளே தெரியும்" என்றார்.

நீங்கள் வருவீர்களா, மாட்டீர்களா? உள்ளதை எழுதுங்கள். அதை அப்பாவுக்கும் நான்தான் வாசிக்க வேண்டும்.

மெலனி

கர்க்லாண்ட்
13 செப்டெம்பர் 2005

மெலனிக்கு,

அந்த முடிவு பொய் என்று எனக்கு அன்றே தெரியும். ஆங்கில எழுத்தை நானும் வாசித்துக்கொண்டுதானே இருந்தேன். அப்படிப் பொய் சொன்ன குரலைத்தான் விரும்பிக் கட்டினேன். பிறகு வீட்டு விஷயம் எல்லாவற்றையும் அதே மாதிரிப் பொய்யாக வாசித்தார். கண்ணுக்கு ஒன்றும் வராது என்றார். நான் வந்த பிறகும், பிள்ளை தானாகத் திரும்பப் பள்ளிக்கூடம் போவாள் என்றார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன்.

கொப்பரோடு இனி நான் குடும்பம் நடத்த மாட்டேன். இதை மாற்றாமல் அவருக்கு வாசி.

நீ பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் பதிந்துகொள். வேலைக்குப் போகும்போது அண்ணை என்னை உங்கள் வீட்டில் இறக்கிவிடுவான். உன் வகுப்பு முடியும்வரை அவரைப் பார்த்துக்கொள்வேன். நீ வந்ததும் நான் பஸ் எடுத்துத் திரும்பிவிடுவேன்.

அம்மா

செயின்ட்-மிஷேல்
17 செப்டெம்பர் 2005

அன்புள்ள அம்மாவுக்கு,

பதிந்துவிட்டேன். வருகிற திங்கள் வகுப்பு தொடங்குகிறது. எட்டு மணிக்கு வாருங்கள்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். கேட்டுவிட்டு, "நீ களைச்சுப்போனாய். ஆறுதலாத் திரும்ப ஒருக்கா வாசி" என்றார்.

இரண்டாம் முறையும் அப்படியேதான் வாசித்தேன்.

மெலனி