லீக்ஸ் பாத்திக்குக் கீழே ஒரு சுவர்

கண்டி ஆஸ்பத்திரியில் அன்று நீ, "செவுரு ஏறிருச்சாடி?" என்று கேட்டாய். இல்லை என்று நான் சொல்லவில்லை. சுவர் வேண்டாமென்று அன்று காலைதான் வரைபடம் மறுபடியும் திரும்பி வந்திருந்தது. அதையும் சொல்லவில்லை. "மழை விடல" என்றேன். அதுவும் உண்மைதான்.

இன்று கொட்டகலையில் பஸ் நின்றபோது புதுத் தார் வாசனை ஜன்னல் வழியே வந்தது. எங்கோ குழி அடைக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு நம் கண்டெய்னர் ஆபீஸ் நினைவுக்கு வந்தது. ஒரு மூலையில் என் கணினி, மறுமூலையில் சேறு அப்பிய உன் சப்பாத்து, நடுவில் நாம் இருவரும் சண்டை போட்ட மேசை.

பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் படித்தோம். நீ வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, நான் கொட்டகலை. ஒரே கம்பனியில், ஒரே நெடுஞ்சாலை வேலையில் வந்து சேர்ந்தது தற்செயல். நான் வரைபவள், நீ கட்டுபவள். என்னை நீ "பேப்பர் மிஸ்" என்பாய். உன்னை நான் "சேத்து மிஸ்" என்பேன்.

வழக்கமாக அரசாங்கம் சாலையை வரைந்து முடித்த பிறகுதான் கட்டுவதற்கு ஆள் தேடும். நம்முடைய வேலை அப்படியல்ல. வரைவதற்கும் கட்டுவதற்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம், ஒரே கம்பனி, முன்கூட்டியே பேசி முடித்த ஒரே தொகை. ஒரு வளைவுக்கு நான் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே முந்தைய வளைவில் உன் இயந்திரங்கள் மலையை வெட்டிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் இருவருக்குமே அது பிடித்திருந்தது. எதிர்பாராத இடத்தில் பாறை வந்தால் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாய். "ஏய், ஒன் கோட்டுல பாறை ஒக்காந்திருக்கு, வந்து எழுப்பு!" கொழும்புக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. மாலைக்குள் புதுக் கோடு உன் கைக்கு வந்துவிடும்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே இருந்த அந்த வளைவுக்கும் அப்படித்தான் என்னை இழுத்துப் போனாய். தோட்டத்தின் பழைய வரைபடத்தில், லயத்துக்குப் பின்னால் மலைக்குக் குறுக்கே ஒரு கான் ஓடியது. மழைத் தண்ணீரை அது ஓடையில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று நம்பித்தான், கீழே மலையைச் சரிவாக வெட்டினால் போதும், சுவர் தேவையில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"ஒன் கோடெல்லாம் வெயில்ல போட்டது. மழையில வந்து பாரு" என்றாய்.

நனைந்துகொண்டே ஏறினோம். கான் இருந்த இடத்தில் வெங்காயத்தாள் போல லீக்ஸ் வளர்ந்து நின்றது.

லயத்தின் கடைசி வீட்டில், கடைசிக் காம்பராவில், இருந்த செல்லம்மா அக்காவிடம் கேட்டாய். "அக்கா, இங்க ஒரு கான் இருந்திச்சே?"

"கானா? அது எங்க மாமனார் காலத்துல. இந்த மலைய தோட்டம் கைவிட்டப்பொறகு நாங்கதான் மண்ணப் போட்டு மூடி பாத்தி கட்டிக்கிட்டோம். நல்ல ஈரம் மிஸ், வெயில் காலத்துலயும் காயாது." பிறகு உன் சப்பாத்தை மேலும் கீழும் பார்த்தார். "ரோடு வந்தா லீக்ஸு சுருக்கா கண்டிக்குப் போயிரும்னாங்க. இப்ப லீக்ஸயே போகச் சொல்லுவீங்களோ?"

நீ வாய்விட்டுச் சிரித்தாய். இறங்கும்போது சிரிப்பு இல்லை. அந்த ஈரம் எங்கே போகிறது என்று இருவருக்கும் விளங்கிவிட்டது. அது லயத்துக்கு அடியில் இறங்கி, நாம் வெட்டிவைத்த மண்முகத்தில் கசிந்துகொண்டிருந்தது.

அன்றே சுவரை வரைந்தேன். தொகையை முன்பே பேசி முடித்த ஒப்பந்தத்தில், கூடுதலாக ஒரு சுவர் என்பது கம்பனியின் கையிலிருந்து போவது. நம் மேலாளர் கெட்டவர் அல்ல. "ஒப்பந்தத்தில் சுவர் கேட்டிருக்கிறார்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். கேட்டிருக்கவில்லை. அரசாங்கத்தின் பக்கத்திலிருந்து சரிபார்த்தவரும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைத்தான் பார்த்தார். அதில் லீக்ஸ் பாத்தி இல்லை. வரைபடம் திரும்பி வந்தது. சிறிதாக்கி அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது.

அந்த நாட்களில்தான் சொன்னாய். "வரையிற கையும் வெட்டுற கையும் ஒன்னா இருந்தா வேல ஓடும்டி. ஆனா வேணாம்னு சொல்றதுக்கு வெளிய ஒரு வாய் வேணுமே." அதன் பிறகு இந்த ஒப்பந்த முறையைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியிருக்கவில்லை.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. விடவில்லை. இரத்தத்தில் புற்று என்றார்கள்.

அந்தக் கண்டி ஆஸ்பத்திரியில், மழை விடல என்று நான் சொன்னதும் என்னைப் பார்த்தாய். உன் அம்மா ஜெபமாலையோடு கட்டிலருகே இருந்தார். "மழைய சாக்கு சொல்றது எங்க சைட் ஆளுங்க தொழில். பேப்பர் மிஸ் எப்ப கத்துக்கிட்டா?" சிரிக்கப் போய் இருமினாய். இருமல் அடங்கியதும் மெதுவாகச் சொன்னாய். "சரி, விடு. அந்த அக்காகிட்டயாவது சொல்லிரு."

தலையாட்டினேன். அது எத்தனை கடினம் என்று உனக்கும் தெரியும். கம்பனி ஆள் ஒருத்தி லயத்துக்குப் போய், நாங்கள் வெட்டிய மலைக்கு மேலே படுக்காதீர்கள் என்று சொன்னால் வேலை போகலாம். எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் மட்டும்தான்.

அந்த வாரமே உன்னை வட்டகொடைச் சேமக்காலையில் மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்தோம். அங்கிருந்து வெள்ளைச் சேலையோடேயே லயத்துக்கு ஏறினேன்.

செல்லம்மா அக்கா நம்பவில்லை. "புது ரோடு மிஸ். படிச்சவங்க வரைஞ்சது. அது எப்படிச் சரியும்?"

"நான்தான் அக்கா வரைஞ்சேன். அதுனாலதான் சொல்றேன்."

அவர் என் சேலையைப் பார்த்தார். "அந்த சப்பாத்து மிஸ் என்ன சொல்லிச்சு?"

"அவதான் உங்ககிட்ட சொல்லச் சொன்னா. இன்னைக்கு அவள அடக்கம் பண்ணிட்டு வாறேன்."

அக்கா பக்கத்துக் காம்பராவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ ராசாத்தி, பாய எடு. மழை விடுற மட்டும் கோயில் மடத்துல படுத்துக்குவோம்."

லயத்துக்குப் போனதற்கு மேலாளர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். சொன்னேன். எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

இப்போது வேறொரு கம்பனியில், வேறொரு மலைக்கு வரைகிறேன். கோடு போடுவதற்கு முன், மழை பெய்யும் நாளாகப் பார்த்து மேலே ஏறிப் போய், அங்கே யார் இருக்கிறார்கள், என்ன நட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வருகிறேன். கூட வருகிறவர்கள் குடை நீட்டுவார்கள். வேண்டாம் என்பேன். உன்னோடு பேசுவது அந்த ஏற்றத்தில்தான்.

உன் முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்பே அந்த மலை சரிந்தது. செல்லம்மா அக்காவின் காம்பராவும் அதற்கு அடுத்ததும் சாலையில் வந்து கிடந்தன. வரைந்ததும் கட்டியதும் ஒரே கம்பனி என்பதால் பழி போட வேறு ஆள் இல்லை. தங்கள் செலவிலேயே சுவரைக் கட்டினார்கள், நாம் கேட்டதைவிட நீளமாக. மண் இறங்கிய நேரத்தில் அந்தக் காம்பராக்களில் யாரும் இருக்கவில்லை.