தட்டுக் கவிழ்ந்த நாட்டில் பொறுப்பாளியைக் கண்டறிந்த ஓலை

தும்பைவள நாட்டின் நாற்பத்தோராம் அரசரும், மூன்று போர்களில் வென்றவரும், நான்காவதில் வெற்றியைப் போன்ற ஒன்றை அடைந்தவரும், ஏழு துறைமுகங்களுக்கு உரியவரும், தம் வலது முழங்காலைத் தவிர வேறெதற்கும் பணியாதவருமாகிய மாமன்னர் கடலதிர்த்த பெருங்கோ அவர்கள் திருமுன்பு, அவர் இல்லாத நாட்களில் அவருடைய முத்திரையைத் தன் சாவிக்கொத்தோடு சேர்த்து இடுப்பில் முடிந்துகொண்டிருக்கும் பட்டத்து அரசி நன்முல்லைத் தேவி எழுதி விடுக்கும் ஓலை.

தாங்கள் எண்ணெய்க் கட்டுக்காகத் தங்கியிருக்கும் மலைநாடு தழைத்து வாழ்க. அதன் அருவிகளும் மிளகுக் கொடிகளும் வாழ்க. விடிந்ததும் தங்கள் முழங்காலை உருவிவிட்டு, தங்கள் அலறலையும் பொறுத்துக்கொள்ளும் வைத்தியரின் கைகள் நெடுங்காலம் வாழ்க. இங்கே நானும், பிள்ளைகளும், பட்டத்து யானையும் நலம். நாடு நலமில்லை. அதைப் பற்றியதே இந்த ஓலை.

தங்கள் ஆணை எட்டு நாட்களுக்கு முன் வந்து சேர்ந்தது. நம் நாட்டு வாணிகம் ஏன் படுத்துவிட்டது என்று மலைநாட்டு மன்னர் விருந்தின் நடுவே கேட்டதாகவும், விடை தெரியாமல் தாங்கள் பலாச்சுளையை வாயில் போட்டுக்கொண்டதாகவும் அதில் எழுதியிருந்தீர்கள். ஆகவே இந்தச் சரிவுக்குப் பொறுப்பானவர் எவராயினும், பதவியும் உறவும் பாராமல் கண்டறிந்து, வருகிற முழுநிலவுக்குள் நாட்டின் எல்லைக்கு அப்பால் நிறுத்த வேண்டும் என்றும், பழி தீரும்வரை அவர் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது என்றும் ஆணையிட்டிருந்தீர்கள். கீழே தங்கள் கையெழுத்து இருந்தது. அதன்மேல் கொஞ்சம் எண்ணெயும் இருந்தது.

அரசவையைக் கூட்டினேன். தங்கள் அமைச்சர் பெருமக்களை நன்கு அறிவீர்களாதலால் சுருக்கமாகவே சொல்கிறேன். சுங்கத் தலைவர் பூதனார் எழுந்து, மழை மிகுந்ததே காரணம் என்று முக்கால் நாழிகை பேசினார். அவர் அமர்ந்ததும் நீர்வாரியத் தலைவர் எழுந்து, மழை குறைந்ததே காரணம் என்று ஒரு நாழிகை பேசினார். தலைமை அமைச்சர் வேளாதனார், மக்கள் மிகுதியாகச் செலவழிப்பதால் நாடு கெட்டது என்றார். பிறகு நீர் அருந்திவிட்டு, மக்கள் செலவழிக்கவே மாட்டேன் என்கிறார்கள் என்றும் வருந்தினார். படைத்தலைவர் பகைநாட்டின் சூழ்ச்சி என்றார். எந்தப் பகைநாடு என்று கேட்டேன். அதை இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்.

மூன்றாம் நாள், அவர்கள் எல்லோரும் ஒருமனப்பட்டார்கள். தங்கள் ஆட்சியில் அது இரண்டாம் முறை. அவர்கள் ஒருமனதாகச் சுட்டிய குற்றவாளி, சந்தைத்திடலில் அரண்மனை முரசு அறையும் தாமன்.

மலைநாட்டார் எவரேனும் இந்த ஓலையைத் தங்களுக்குப் படித்துக் காட்ட நேர்ந்தால் அவர் திகைக்காதிருக்க, நம் ஊர் வழக்கத்தை இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன். நம் சந்தைத்திடலின் நடுவே இரண்டு கல்தூண்களுக்கு இடையில் ஊர்த்துலாக்கோல் தொங்குகிறது. அரண்மனையில் மகிழ்ச்சியான செய்தி எதுவானாலும், பிறகு ஆண்டுதோறும் அந்த நாளிலும், தாமன் முரசறைவான். துலாக்கோலின் செப்புத்தட்டு கவிழ்க்கப்படும். கவிழ்ந்த தட்டு மறுநாள் விடியலில் நிமிரும்வரை நாட்டில் எவரும் எதையும் விற்கவோ வாங்கவோ கூடாது. தங்கள் முப்பாட்டனார் காலத்தில் பட்டத்துப் பிள்ளை பிறந்தால் மட்டும் தட்டைக் கவிழ்த்தார்கள்.

தாமன் முரசறையும்போதெல்லாம் சந்தை படுத்துவிடுகிறது. ஆகவே சந்தை படுத்ததற்கு முரசே காரணம். முரசு தானாக ஒலிக்காதாகையால் தாமனே காரணம். இது வேளாதனார் தீட்டிய தீர்ப்பு. அவை கைதட்டியது. பூதனார் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

தாமனை அழைத்து வந்தார்கள். முப்பது ஆண்டுகள் முரசறைந்ததில் அவனுக்கு ஒரு காது மந்தம் என்பது தாங்கள் அறிந்ததே. தீர்ப்பை இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. பிறகு அவன் மெல்லக் கேட்டான்: "எல்லாம் சரிங்க சாமி. ஒருத்தனை நாடு கடத்தினா முரசறைஞ்சு ஊருக்குச் சொல்லணுமே, அதை யாரு அறையுறது? நானே அறைஞ்சுட்டு நானே கெளம்பணுமா?"

அன்றைய எஞ்சிய பொழுது முழுவதும் தங்கள் அமைச்சர்கள் இதை ஆராய்ந்தார்கள். தாமன் முதலில் முரசறைந்துவிட்டு, முரசை ஒப்படைத்து, ரசீது பெற்றுக்கொண்டு புறப்பட வேண்டும் என்று அந்தி சாயும் வேளையில் முடிவாயிற்று.

மறுநாள் காலை தாமனின் மனைவி சாத்தி அரண்மனை வாயிலில் நின்றாள். அவர்கள் மகளுக்கு இது நிறைமாதம். முழுநிலவுக்கு முன்னோ பின்னோ பிள்ளை பிறக்கும். தாமன் போனால் அவன் பின்னே அவளும் போக வேண்டும். மகளின் பக்கத்தில் இருக்க ஆளில்லை. இதைச் சொல்லி அழுவாள் என்று எதிர்பார்த்து நான் ஆறுதல் மொழிகளைத் தேர்ந்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"தாயே, எங்க வீட்டுக்காரரு ஆசைப்பட்டா அறைஞ்சாரு? நீங்க சிரிச்சா அறைன்னாங்க. இளவரசருக்குப் பல்லு முளைச்சா அறைன்னாங்க. அந்தப் பல்லு விழுந்ததுக்கும் அறைன்னாங்க. கிளி உங்க பேரைச் சொல்லிச்சுன்னு ஒரு நாளு கடையைச் சாத்தினோமே, அது கிளி குத்தமா? அறைஞ்ச கையை எல்லை தாண்டி அனுப்புறீங்க, சரி. அறையச் சொன்ன வாயை எங்க அனுப்பப் போறீங்க?"

காவலர்கள் அவளை அதட்ட முன்வந்தார்கள். நான் கையமர்த்தினேன். தேர்ந்து வைத்திருந்த ஆறுதல் மொழிகளில் ஒன்றுகூட அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

அன்றே சாதாரணச் சேலை உடுத்து, முக்காடிட்டு, தோழி ஒருத்தியுடன் சந்தைத்திடலுக்குப் போனேன். தட்டு கவிழ்ந்து கிடந்தது. மீன் கூடைகளின்மேல் ஈரச்சாக்கு போட்டுவிட்டு, செம்படவப் பெண்கள் அவற்றின் வாசனைக்குத் தாங்களே முகம் சுளித்துக்கொண்டிருந்தார்கள். வெற்றிலைக் கட்டுகள் மஞ்சளாகியிருந்தன. துறையில் ஒரு மரக்கலம்கூட இல்லை. அண்டைநாட்டில் நாள்தோறும் கடை திறந்திருக்கும் என்று எல்லாக் கலங்களும் அங்கே போகத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகின்றனவாம். பூக்காரி ஒருத்தி மல்லிகையைக் கூடையோடு சாய்த்து, ஒரு பசுவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். இன்று என்ன நாள் என்று அவளைக் கேட்டேன்.

"ராசா ராணிகிட்ட மன்னிப்புக் கேட்ட நாளாம்."

அவள் பசுவின் நெற்றியைத் தடவியபடி தொடர்ந்தாள். "வீட்டுக்கு வீடு நடக்குறதுதானே அக்கா? எம் புருசன் நாளைக்கு நாலு தடவை மன்னிப்புக் கேக்குறான். அதுக்காக நான் கடையையா சாத்துறேன்? கேட்டுட்டுப் போய்யான்னு விட்டுட்டு யாவாரத்தைப் பாக்குறேன்."

தோழி சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் மறைந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாளை நான் நன்றாக அறிவேன். என் தாய்வீட்டுச் சீர்வரிசைப் பட்டைத் தாங்கள் குதிரைக்குப் போர்த்திய அன்று மூண்ட பூசல் அது. தாங்கள் மன்னிப்புக் கேட்டபோது நான் உள்ளம் குளிர்ந்தேன். அதைக் கண்டு தாங்களும் குளிர்ந்து, தட்டைக் கவிழ்க்கச் சொன்னீர்கள். ஆண்டுக்கொரு முறை அந்த மல்லிகை முழுவதும் பசுவுக்குப் போயிருக்கிறது.

அரண்மனைக்குத் திரும்பி, முரசுமண்டப ஓலைகளைப் பிரித்து நானே எண்ணினேன். சென்ற ஆண்டில் தட்டு இருநூற்றுப் பதினொரு நாட்கள் கவிழ்ந்து கிடந்தது. அவற்றில் என் பிறந்த நட்சத்திரத்துக்காக மட்டும் பதின்மூன்று நாட்கள். நட்சத்திரம் மாதந்தோறும் வரும் என்பதை மணமான புதிதில் தங்களுக்கு நினைவூட்டியவள் நானே. நான் முதன்முதலில் சமைத்த நாள், தாங்கள் அதைச் சாப்பிட்டுப் பிழைத்த நாள், நாம் படகில் போன நாள், போக நினைத்து மழையால் போகாத நாள், யானைக்குட்டி தும்பிக்கையால் என்னை வணங்கிய நாள் என்று அந்தப் பட்டியல் நீளுகிறது. அந்த ஓலைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் கொஞ்சம் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் தாங்கள் எதையும் மறக்கவில்லை. எந்தப் பெண்ணுக்கும் வாய்க்காத கணவர் தாங்கள். எந்த நாட்டுக்கும் வாய்க்கக் கூடாத அரசரும் தாங்களே.

முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதுமணப்பெண்ணாக நான் நகருக்குள் நுழைந்தபோது, ஊரார் எல்லோரும் வேலையை விட்டுவந்து என்னைப் பார்க்கட்டும் என்று தாங்களே தூணில் ஏறித் தட்டைக் கவிழ்த்தீர்கள். ஊர் ஆரவாரித்தது. அன்று ஊருக்கு அது திருவிழா. மறு ஆண்டு நான் தங்கள் கையைப் பிடித்துப் போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இனிமையாக இருந்ததால் சொல்லவில்லை. அதன் பிறகும் சொல்லவில்லை.

ஆகவே தங்கள் ஆணையைத் தலைமேற்கொண்டு, பதவியும் உறவும் பாராமல் நான் கண்டறிந்த பொறுப்பாளிகள் இருவர். முதலாமவர் தட்டைக் கவிழ்க்கச் சொன்ன மாமன்னர் கடலதிர்த்த பெருங்கோ. இரண்டாமவள் தடுக்காமல் புன்னகைத்த அரசி நன்முல்லை. இதை அவையில் வாசித்தபோது வேளாதனார் மறுபடியும் நீர் கேட்டார். அரசர்மேல் எப்படிப் பழி சொல்லலாம் என்று பூதனார் எழுந்தார். எவராயினும் என்று அரசரே எழுதியிருக்கிறாரே, அரசர் சொல்லை மீறச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவர் அமர்ந்துகொண்டார்.

முழுநிலவு நாளை மறுநாள். குற்றவாளியை அதற்குள் எல்லைக்கு அப்பால் நிறுத்த வேண்டும் என்பது தங்கள் கட்டளை. அது குறைவின்றி நிறைவேறிவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் ஏற்கெனவே எல்லைக்கு அப்பால்தான் இருக்கிறீர்கள். அப்படியே இருங்கள்.

தாமன்மீது எந்தப் பழியும் இல்லை என்று, அவன் கையாலேயே முரசறைந்து, ஊருக்கு அறிவித்தாயிற்று. அவன் தன் வீட்டில் இருக்கிறான். பேரப்பிள்ளை பிறந்தால் மகிழ்ச்சியில் முரசுப்பக்கம் போகக் கூடாது என்று சாத்தி அவனை இப்போதே எச்சரித்துவிட்டாள்.

இனி ஆணை. பழி எப்போது தீரும் என்பதைத் தாங்கள் எழுதவில்லை. முத்திரை என்னிடம் இருப்பதால் நான் எழுதுகிறேன். பழிக்குரியவர், தம்மால் நலிந்தவர்கள் முன்னால் நின்று, நான்தான் என்று தம் வாயால் சொல்லும்போது பழி தீரும். எண்ணெய்க் கட்டு முடிந்ததும் தாங்கள் எல்லைக்கல் வரை வருக. மீன்காரர், வெற்றிலைக்காரர், மரக்கல வணிகர், பூக்காரி எல்லோரும் கல்லுக்கு இப்புறம் நிற்பார்கள். தாமன் முரசோடு நிற்பான். மழை என்றோ, பகைநாடு என்றோ, கிளி என்றோ சொல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுக. அவன் காது மந்தம்; உரக்கச் சொல்லுக. முத்திரையைக் காக்க வேறு ஆளில்லாததால் அதுவரை உள்ளே இருக்கும் அடுத்த குற்றவாளியாகிய நானும் அன்று கல்லுக்கு அப்புறம் தங்கள் பக்கத்திலேயே நின்று சொல்வேன். பிறகு இருவரும் சேர்ந்தே உள்ளே வருவோம். இனிப் பட்டத்துப் பிள்ளை பிறக்கும் நாளைத் தவிர வேறெந்த நாளும் தட்டு கவிழாது. அதற்கான சாசனத்தை இத்துடன் சுருட்டி வைத்திருக்கிறேன். வைத்தியர் தங்கள் முழங்காலை விட்ட வேளையில் ஒப்பமிட்டு அனுப்புக.

இது தும்பைவள நாட்டின் ஆணை. அரசரின் முத்திரை அரக்கில் பதிந்தது. தூது கொண்டுவருபவனுக்குச் சோறிட்டு, குதிரையை மாற்றி அனுப்புக.

முத்திரைக்குக் கீழே ஓலையில் கொஞ்சம் இடம் இருப்பதால், அரசி அல்லாத ஒருத்தி எழுதுவது. தாங்கள் எல்லைக்கல்லுக்கு வரும் வேளையில் நம் மணநாளும் வருகிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த நாளில் தும்பைமாநகரில் கடை இல்லை. ஆகவே அந்த நாளில் தாங்கள் எனக்கு ஒரு முழம் பூக்கூட வாங்கித் தந்ததில்லை. இந்த ஆண்டு கடை திறந்திருக்கும். எல்லைக்கல்லிலிருந்து ஊருக்குள் வந்ததும் வாங்கித் தாருங்கள். தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் பூக்காரியிடமே வாங்குங்கள். அவள் ஏதாவது சொன்னால், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வாருங்கள்.