எஞ்சினை ஒட்டிய கேபின்

மார்ச் 3
படகிலேயே தின்று, படகிலேயே தூங்கி, கடலில் முங்கித் திமிங்கலச் சுறா பார்க்கும் பயணம். நானும் பெண்டாட்டியும் டைவிங் கற்றதிலிருந்து நச்சரித்தேன். இன்று இவள் சரி என்றுவிட்டாள்! அந்தக் குஷியில், லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் கெட்டதை விட்டுவிட்டு நல்ல பட்டனைக் கழற்றி மாட்டினேன். நானெல்லாம் மெக்கானிக்.

மார்ச் 5
இருவருக்கும் ஒரே கேபினாம். என் குறட்டை தாங்காமல் இவள் பக்கத்து அறைக்குப் போய் ஆறு வருடம். சண்டையெல்லாம் இல்லை. ஒருநாள் தலையணையோடு போனாள், அப்படியே தங்கிவிட்டாள். நானும் கூப்பிடவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? சுறா பார்க்கிற சாக்கில் பெண்டாட்டி பக்கத்தில் படுக்க ஆசை — நாற்பத்தொன்பது வயசு எருமைக்கு.

மார்ச் 8
தங்கச்சியிடம் உளறித் தொலைத்தேன். "சுறாவே ஓடிரும்ணே, அண்ணி எம்மாத்திரம்?" என்கிறாள்.

மார்ச் 12
ஐடியா! கீழ்த்தளத்தில் எஞ்சினை ஒட்டி ஒரு கேபின் இருக்கிறது. படகுக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.
"சார், அங்க சத்தம் காதைக் கிழிக்கும். யாருமே கேக்க மாட்டாங்க."
"அதான் வேணும்."
"நிஜமாவா சார்?"
அந்த இரைச்சலில் என் குறட்டை எடுபடுமா? இவளிடம், "கீழ ஆட்டம் கம்மி" என்று அளந்துவிட்டேன்.

ஏப்ரல் 18, படகில்
சாப்பாடு முடிந்ததும் நங்கூரம் போட்டு எஞ்சினை அணைத்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க அப்படித்தானாம். லிஃப்ட் நின்றால் மோட்டார் நிற்கும் என்று தெரிந்த முட்டாளுக்கு இது தெரியவில்லை.

ஏப்ரல் 19
தொடையைக் கிள்ளிக் கிள்ளி விழித்திருந்தேன். ஒரு தடவை இவள் கை இருட்டில் என் மூக்கருகே வந்தது. பொத்தத்தான் வருகிறாள் என்று மூச்சையே அடக்கிக்கொண்டேன்.

காலையில் டைவிங் மாஸ்டர் என் கண்ணைப் பார்த்தார். "தூங்காத ஆளை நான் கடல்ல இறக்க மாட்டேன்." மேல்தளத்து நாற்காலியில் சாய்ந்தேன். விழித்தபோது எல்லோரும் கத்திக்கொண்டே ஏறிவருகிறார்கள். பஸ் நீளத்துக்குச் சுறாவாம்! படகுக்கு நேர் கீழேயாம். நேர் மேலே நான், வாயைப் பிளந்துகொண்டு.

இவள் ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள்.

"ராத்திரி சத்தமே காணோம்னு மூக்குல கை வச்சேன். மூச்சே வரல. உயிரே போச்சு எனக்கு! அப்புறம் இருமினீங்க. வீட்டுல சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்க சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கண்ணே அசரும்."

"அப்ப ஏன்டி திரும்பி வரல?"

"நீங்க கூப்பிட்டீங்களா?"

ஆறு வருஷம்! கூப்பிட்டிருந்தால் போதுமாம்.

மே 2
என் அறை ஜன்னல் வழியாக விடிகாலை வெயில் இவள் முகத்தில் அடிக்கிறதாம். தடித்த திரை வேண்டுமாம். சாயங்காலம் கடைக்குப் போகிறோம்.