தாய்மாமன் சீரில் கிடா இல்லை

கள்ளக்குறிச்சி,
தை 20

அன்பு மகன் பகலவனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், களமருதூரில் உன் தங்கை மலர்விழியும் குழந்தை நறுமுகையும் நலம். நீ அங்கே குரோனிங்கன் நகரக் குளிரில் நலமா என்று எழுதும்போதே கை சற்று நிற்கிறது, இருபத்தாறு நாளாக உன் குரலை நான் கேட்கவில்லை அல்லவா, அப்பாவுக்கு நீ அனுப்பும் "நல்லா இருக்கேன்" என்னும் ஒற்றை வரியை அவர் எனக்குப் படித்துக் காட்டுகிறார், அவ்வளவே. இதைத் தொலைபேசியில் சொல்லாமல் தாளில் எழுதுவது ஏனென்றால், பேசத் தொடங்கினால் என் குரலே என்னை இழுத்துக்கொண்டு மேடையேறிவிடுகிறது. எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் படமெடுத்து உனக்குப் புலனத்தில் அனுப்புவார், வாட்ஸ்அப்பை நான் அப்படிச் சொல்வதற்கு இன்றும் சிரிக்கிறார்.

மார்கழியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நறுமுகையின் காதணி விழாவுக்கு மாசிக் கடைசி ஞாயிறு என்று நாள் குறித்தவுடன், உன்னிடம் ஒரு சொல் கேளாமல் "தாய்மாமன் பகலவன் வழங்கும் கிடா விருந்து" என்று அழைப்பிதழில் அச்சேற்றியவள் நான். மூன்றாண்டுகளாக நீ இறைச்சி, முட்டை, பால், நெய், தேன் எதையும் தொடுவதில்லை, பட்டும் தோலும் அணிவதில்லை என்பது தெரிந்தே செய்தேன். தாய்மாமன் மடியில் குழந்தையை இருத்திக் காது குத்துவதும் அன்றைய விருந்துக்கு அவன் கிடா கொடுப்பதும் நம் பக்கத்து வழக்கம், அது தவறினால் மலர்விழிக்குப் புகுந்த வீட்டில் தலைகுனிவு என்று எண்ணினேன். அதைக் கேள்விப்பட்டு நீ அழைத்து, என் பெயரில் ஓர் உயிர் போவதாயிருந்தால் நான் அந்தப் பந்தலில் உட்கார மாட்டேன் என்றாய். நான் நாற்பது மணித்துளி பேசினேன். பால் கறக்கும் பொறிகளுக்கு மென்பொருள் எழுதப் போன இடத்தில், பிறந்த அன்றே கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பதைக் கண்டதாக நீ சொல்லத் தொடங்கினாய், அதை நான் கேட்டு முடிக்கவில்லை. நம் தட்டைப் பார்த்து நம்மைத் தரம் பிரித்தவர்களின் பந்தியில் நீயும் போய் அமர்ந்துவிட்டாய் என்றேன். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் நீ, "கைதட்டி முடிச்சாங்களாம்மா? அப்ப வச்சிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். முப்பதாண்டு மேடைப்பேச்சில் எத்தனையோ பேர் என் பேச்சுக்கு மறுப்புரை வழங்கியிருக்கிறார்கள், இதைப்போல ஒன்று என்னைத் தைத்ததில்லை.

அன்று மாலை அழைப்பிதழ்க் கட்டோடு வந்த அப்பா, "இன்னா வாணி இது, அவன் பேரப் போட்டு நீ கிடா வெட்டறியே, அவன ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். அவரிடமும் நான் சினந்தேன். என் சினம் இறங்கிய இடம் வேறு. தை மூன்றாம் நாள் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பொங்கல் விழாவுக்குப் பேசப் போனேன், அப்பாவும் வந்தார். அந்த மலைப்பேருந்தில் பதினெட்டாண்டு நடத்துநராக ஓடியவராயிற்றே, ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஏறி அவரை நலம் கேட்டார்கள். கூட்டம் முடிந்து செல்லியம்மாள் என்பவர் வீட்டில் எங்களுக்கு நண்பகல் உணவு, எனக்கென்றே கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். எனக்கோ மார்கழிக் கடைசியிலிருந்து வயிற்றுப்புண், ஒரு திங்களுக்கு இறைச்சியும் காரமும் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார் (கவலைப்படாதே, இப்போது தணிந்துவிட்டது). கோழி வேண்டாம் அம்மா, வயிற்றுக்கு ஆகாது என்றேன். அவர் முகம் மாறியது. கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, "கீழேந்து வர்ற பெரியவங்க எல்லாரும் வயித்து வலின்னுதான் டீச்சர் சொல்றாங்க. ஒங்க வூட்ல துன்ன மாட்டேன்னு ஒருத்தராச்சும் நேரா சொன்னதில்ல" என்றார்.

பகலவா, நான் பதறிவிட்டேன். நான் யார், எந்தெந்த ஊரில் எதற்காகப் பேசினேன், சேரிப் பந்தியில் அமர்ந்ததற்காக என் பிறந்த வீட்டில் எத்தனை ஆண்டு படியேறாமல் இருந்தேன் என்றெல்லாம் எடுத்துரைத்தேன். எவ்வளவுக்கு அழகாகச் சொன்னேனோ அவ்வளவுக்கு அந்த அம்மையார் நம்பவில்லை. கடைசியில் அப்பாதான், "ஏம்மா, இது பேச ஆரம்பிச்சா நிறுத்தாது. சோறு கீதில்ல, அத்த போடு, வாய் தானா மூடிக்கும்" என்றார். அடுப்படியிலேயே அமர்ந்து சாமைச் சோற்றில் அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றி உண்டேன், காரம் விலக்கு என்பதையும் மறந்து இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். அதன் பிறகே அவர் சிரித்தார். மறுநாள் என் வயிறு எனக்குத் தண்டனை தந்தது, அது வேறு கதை.

மலையிறங்கும் பேருந்தில் உன்னை எண்ணிக்கொண்டே வந்தேன். என் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லுக்குள் செல்லியம்மாள் ஓர் இழிவைப் படித்தார், அவர் பட்டதெல்லாம் அப்படி, அவர்மேல் பிழையில்லை. என் வயிற்றில் பிறந்த பிள்ளையின் "வேண்டாம்" என்ற சொல்லை நான் அப்படிப் படித்ததற்கு என்னிடம் என்ன விடை இருக்கிறது? போன கோடையில் நீ வந்தபோது நாங்கள் மீன் குழம்பு உண்ண, நீ பக்கத்திலேயே அமர்ந்து மிளகுச்சாறு ஊற்றி உண்டாய், எங்கள் தட்டை ஒருமுறையேனும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பிள்ளை இளைத்துவிட்டானே என்று பருப்பில் ஒரு கரண்டி நெய்யை உருக்கி ஊற்றிக் கடலையெண்ணெய் என்று உன்னிடம் பொய் சொன்னேன். நீ மணத்தில் கண்டுகொண்டு, பசியில்லை என்று கையைக் கழுவினாய், அப்பாவிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிறர் தட்டில் எவரும் கைவைக்கலாகாது என்று ஊர் ஊராக முழங்கியவள் தன் வீட்டுத் தட்டில் கைவைத்தேன். இரண்டுக்கும் என்னைப் பொறுத்துக்கொள்.

வந்த மறுநாளே நானும் அப்பாவும் அமர்ந்து நானூறு அழைப்பிதழிலும் அந்தக் கிடா வரியின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டினோம். போன ஞாயிறு களமருதூர் சென்றோம். மலர்விழியின் மாமனார் பூமாலை கதிரடிக்கும் களத்திலிருந்து வைக்கோல் தூசியோடு வந்து அமர்ந்தார். கேளாமல் அச்சிட்டது என் தவறு, கிடா என் மகனின் கொள்கைக்கு ஒவ்வாது, அவன் தரக்கூடியதைச் சீராக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மூன்றே வரியில் சொன்னேன். அவர் திகைத்து, "இன்னா சம்பந்திமா, நீங்க ஜாஸ்தி பேசுவீங்கன்னு டீ சொல்லி அனுப்பினேன், அது வர்றதுக்குள்ள முடிச்சிட்டீங்க" என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "மாமன் கிடா தர்லன்னா எங்க பங்காளிங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? புல்லு துன்ற மாமனாம்டா, கிடாவே அவருதான்டான்னு ஓட்டுவானுங்க" என்றார். அப்பா சற்றும் அசையாமல், "ஓட்டட்டும். கிடா மடில உக்கார வச்சி காது குத்த முடியுமா சம்பந்தி? மாமன் மடிதான வேணும்" என்றார். பூமாலை சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்திவிட்டது. தம் உறவினர்க்குத் தாமே கிடா வெட்டிக்கொள்வதாகவும், "அது எங்க கிடா, எங்க பேரு, அவரு பேருல ஒரு கோழிகூட வேணாம்" என்றும் சொல்லிவிட்டார்.

ஆகவே உன்னிடம் எதையும் மறைக்காமல் சொல்கிறேன், அன்று அந்த மண்டபத்தில் பிரியாணி இருக்கும், மணம் வரும். உன் பெயரில் இராது, உன் பந்தியிலும் இராது. பட்டுக்கு மாற்றாக நறுமுகைக்கு மஞ்சள் நிறப் பருத்திப் பாவாடை எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளிமலையிலிருந்து வந்த சாமையில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து அப்பா இருமுறை பாயசம் வைத்துப் பார்த்துவிட்டார், முதல்முறை திரிந்தது, இரண்டாம்முறை நான் இரண்டு குவளை குடித்தேன். உனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, பரிமாறுவது அப்பா. இத்தனையும் சொன்ன பிறகு உன்னிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. மலர்விழியிடம் நீ, குருதியில் நனைந்த சோற்றைப் போட்டா குழந்தையை வாழ்த்தப் போகிறாய் என்று கேட்டாயாமே. அது உன் அறம் பேசிய பேச்சன்று, என்னிடம் நீ கற்ற மேடைப்பேச்சு. எனக்கு அதன் சுவை தெரியும், கேட்டவர்க்கு அது எப்படி இறங்கும் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. உண்பதை நீயே தேர்ந்துகொள், அதில் நான் இனித் தலையிட மாட்டேன். அந்தச் சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்.

ஒன்று மீதமிருக்கிறது. நாளைத் தள்ள முடியாது என்பதில் பூமாலை உறுதியாக இருக்கிறார். மாமன் வராவிட்டால் உன் பெரியப்பா மகன் அன்புச்செல்வன் மடியில் குழந்தையை அமர்த்திக் குத்திவிடுவோம் என்றார், அவனும் அண்ணன் முறைதானே என்றார். அதுவரை கதவோரம் நின்று, எங்கண்ணனுக்கு ஆட்டுமேல இருக்கற பாசம் எம்மேல இல்ல என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த மலர்விழி, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்து, "அன்பு மடியும் வேணாம், எவர் மடியும் வேணாம் மாமா. எங்கண்ணன் வர்லன்னா எம்பொண்ணு குத்தாத காதோடவே வளரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பூமாலை என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன்.

உடலும் உள்ளமும் உரம்பெற்று நெடிது வாழ்க என் மகனே, எவ்வுயிர்க்கும் இரங்கும் உன் நெஞ்சு என்றும் அப்படியே இருக்கட்டும். வானூர்திக்குப் பதிவு செய்யும்போதே பாலில்லா உணவு வேண்டுமென்று சொல்லிவிடு, வழியெல்லாம் பட்டினி கிடந்து வராதே. இக்கடிதத்துக்கு எனக்கு விடை எழுத வேண்டாம், மலர்விழியை அழை. முதல் அழைப்பை அவள் எடுக்க மாட்டாள், இரண்டாவதையும் துண்டிப்பாள். மூன்றாம் முறையும் அழை, அவளும் என் மகள்.

உன் அன்னை,
கோகிலவாணி