டோக்கன் முப்பத்தொன்று

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. மாடியில் போட்ட துணி அரை மணியில் அப்பளம். இன்று: பிரஷர் மாத்திரை வாங்க. குடைக் கம்பி சரி செய்ய. நாளைக்குத் தாலுகா அலுவலகம் (இனி தா.அ., கை வலிக்கிறது).

அவர் போய் ஏழு மாதம். ஃபிளாட்டும் வங்கி லாக்கரும் என் பெயருக்கு மாற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். மார்ச்சில் விண்ணப்பித்தது. இன்னும் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது. புனேயிலிருந்து முரளி: "யாராவது ஏஜெண்ட்கிட்ட குடுத்துடும்மா. இந்த வயசுல எதுக்கு அலைச்சல்?" பெற்ற பிள்ளை பேசும் பேச்சா? எழுபத்தாறு ஒரு வயதா? ஏஜெண்ட் வாங்குவதில் பாதி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாதா? "ஒரு பைசா தர மாட்டேன், நானே வாங்கிக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். நெஞ்சு படபட. பயம் இல்லை. ஹாஸ்டலிலிருந்து ஊருக்குப் பெட்டி கட்டும்போது அடிக்குமே, அந்தப் படபடப்பு.

கைப்பை தயார்: நகல் மூன்று செட், தண்ணீர், பேனா இரண்டு, இந்த நோட்டு. அவருடைய விசிட்டிங் கார்டுகள் வழக்கம்போல் பக்க ஜிப்பில். இணைச் செயலர், தலைமைச் செயலகம். ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருடமாகியும் ஒரு கட்டு மிச்சம்.

ஜூன் 10, செவ்வாய்

என்ன ஒரு நாள்!

தா.அ. கூடத்தில் மின்விசிறி நான்கு, சுற்றியது ஒன்று. டோக்கன் 14. பக்கத்தில் 13, ஷாகிரா. நம் தெருவுக்குப் பின்சந்தில் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவள். வயது நாற்பது இருக்கும். அவளுக்கும் வாரிசுச் சான்றிதழ்தான். புருஷன் ஆட்டோ ஓட்டியவர், பொங்கலுக்கு மறுநாள் மாரடைப்பு. சான்றிதழ் வந்தால்தான் பர்மிட் அவள் பெயருக்கு மாறும். மாறினால்தான் அவள் தம்பி வண்டியை எடுக்க முடியும். "வூட்டு வாசல்ல சும்மா நிக்குதும்மா. காக்கா எச்சம் போட்டுகினு கீது. பாக்க பாக்க வயிறு எரியுது."

அவள் முறை வந்தது. கவுண்டரில் மூக்குக்கண்ணாடிக்காரர் (இனி மூ.க.). குரலைத் தாழ்த்தியதாக அவர் நினைப்பு, எனக்கே கேட்டது. "ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து விசாரிக்கணும். வண்டிச் செலவு இருக்கு. மேலயும் பாக்கணும். பாத்துப் பண்ணும்மா."

ஷாகிரா பர்ஸ் ஜிப்பைத் திறந்தாள். எழுந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்! முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

"குடுக்காதே."

"ஆறு தபா வந்துட்டேம்மா."

"ஏழாவது தபா நான் கூட இருக்கேன். குடுக்காதே."

பிறகு கவுண்டரைப் பார்த்து, கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில்: "என்ன செலவுன்னு எழுதி, ரசீது போட்டுக் குடுங்க. இப்பவே கட்டறேன்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "பாட்டிம்மா செம!" சிரிப்பு. இரண்டு பேர் கைதட்டினார்கள். மூ.க. முகம் செங்கல். "ரெண்டு பேரும் வியாழக்கிழமை வாங்க."

ஆட்டோ பிடிக்காமல் நடந்தே வந்தேன். வழியில் சாத்துக்குடி ஜூஸ், ஐஸ் போட்டு. அவர் இருந்திருந்தால் ஐஸ் கூடாது என்பார்.

ஜூன் 11, புதன்

வெயில் அப்படியே. சேதி அதற்குள் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. காவலாளி சல்யூட் வைக்கிறான். சங்கச் செயலாளர் வெங்கடேசன் வந்தார்: "சனிக்கிழமை கூட்டத்துல பத்து நிமிஷம் பேசுங்க மேடம். ஊழலுக்குக் காரணம் என்ன, நாம என்ன செய்யணும்னு." மறுப்பது போல் அரை நிமிடம் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

மூன்றாம் மாடி மைதிலி மாமி, லிஃப்டில்: "எங்காத்துக்காரர் சொல்றார், உங்களை மாதிரி பத்து பேர் இருந்தா நாடு உருப்பட்டுடும்னு." அதெல்லாம் வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று தோன்றவில்லை.

பேச்சுக்குக் குறிப்பு. காரணங்கள்:
- பேராசை
- கேட்டதும் எடுத்து நீட்டும் பழக்கம்
- சட்டம் தெரியாமை
- அவசரம்
- ரசீது கேட்க வெட்கம்

சாம்பல் நிறக் காஞ்சிப் பருத்திக்கு ஃபால்ஸ் இல்லை. ஷாகிராவை வரச்சொல்லிக் கொடுத்தேன். சனிக்கிழமைக்கு வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

வெற்றி! வெற்றி! வெற்றி!

நேற்று மாலை ஒரு தூறல், இன்று புழுக்கம். டோக்கன் 22. ஷாகிராவுக்கு 9. பதினொன்றரை மணிக்கும் நான்காம் எண்ணிலேயே நின்றது. மூ.க. டீக்குப் போனவர் திரும்பவில்லை. முழங்கால் குத்தல். இப்படியே போனால் மாலைதான். பக்க ஜிப்பைத் திறந்து ஒரு கார்டை எடுத்து, பின்னால் இரண்டு வரி எழுதி, உள்ளே கொடுத்தனுப்பினேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "அம்மா, தாசில்தார் கூப்பிடறாரு." தாசில்தார் எழுந்து நின்றார்! பயிற்சிக் காலத்தில் என் வீட்டுக்காரர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாராம். "மேடம் வரிசையில உட்காரலாமா? சொல்லி அனுப்பியிருந்தா வீட்டுக்கே வந்திருப்போமே." பீங்கான் கோப்பையில் காப்பி. மூ.க. என் ஃபைலைக் கொண்டுவந்து குனிந்து நின்றார். கையெழுத்து. பக்கவாட்டுக் கதவு வழியாகக் கார் நிற்கும் இடம்வரை வழியனுப்ப ஆள். கார் இல்லை என்று சொல்லவில்லை.

மாலை ஐந்துக்குக் குறுஞ்செய்தி: சான்றிதழ் தயார். ஒரு பைசா கொடுக்காமல்! முரளியைக் கூப்பிட்டேன். "சூப்பர்மா" என்றான். அவ்வளவுதானா? மைதிலி மாமி அக்காரவடிசல் கொண்டுவந்தார். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

காலை பத்து மணி. ஷாகிரா புடவையோடு வந்தாள். தையல் அருமை, ஒரு சுருக்கம் இல்லை. என்னுடையது வந்துவிட்டது என்று சொன்னேன், நல்ல சேதி சொல்லும் தோரணையில்.

"தெரியும்மா. நீங்க உள்ள போனீங்கல்ல, அப்பால அந்தாளு கோப்பு தூக்கிகினு உங்க பின்னாடியே உள்ள பூட்டாரு. பன்னண்டரைக்கு வெளிய வந்து, இன்னிக்கி அவ்ளோதான், திங்கக்கிழமை வாங்கன்னுட்டாரு. எங்க எல்லாரையும்."

விரித்த புடவையை மடித்து வைத்தேன்.

"அன்னிக்கே குடுத்திருப்பேன். உங்க கை இங்கயே கீற மாதிரி இருந்துச்சு." மணிக்கட்டைக் காட்டினாள். "குடுக்கல. திங்கக்கிழமை குடுத்துடறேம்மா. வண்டி மழையில நனையுது."

"நான் குடுக்கலையே ஷாகிரா. ஒரு பைசா குடுக்கலை."

சிரித்தாள். கோபமாகச் சிரித்திருந்தால் தேவலை. "நீங்க கார்டு குடுத்தீங்க. என்கிட்ட கார்டு இல்ல, நோட்டு கீது. வேற இன்னாம்மா வித்தியாசம்?"

கூலி வாங்கிக்கொள்ள வந்தவள் என்ன பேச்சுப் பேசுகிறாள் என்றுதான் முதலில் வந்தது. எழுதிவிடுகிறேன், இந்த நோட்டில் பொய் எழுதுவதில்லை. அடுத்து நான் செய்தது அதைவிட மோசம். பக்க ஜிப்பிலிருந்து இன்னொரு கார்டை எடுத்தேன். "இந்தா. பின்னால எழுதித் தரேன். உன்னையும் உடனே விட்டுடுவாங்க."

வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "எனக்குப் பின்னாடி ஒரு கெழவி உக்காந்துகினு இருக்குதே, பத்தாம் நம்பரு. அதுக்கு?" கார்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பகல் முழுவதும் உட்கார்ந்த இடத்திலேயே. பட்டியலில் ஒன்றை விட்டிருக்கிறேன். "யாராவது தெரிஞ்சவர் இருக்காரா?" இந்த வீட்டில் ஐம்பது வருடமாக எந்தக் காரியத்துக்கும் இதுதான் முதல் கேள்வி. கேஸ் இணைப்பு. ரயிலில் கோட்டா. முரளிக்குப் பள்ளியில் இடம். அந்த இடத்துக்கு நியாயமாக வந்திருக்க வேண்டிய பிள்ளை யார், இப்போது எங்கே இருக்கிறான்? அவர் லஞ்சம் வாங்கியதில்லை, கொடுத்ததில்லை. அது சத்தியம். ஆனால் கார்டு அச்சடித்தோம்.

ஜூன் 14, சனி

மேகமூட்டம். சாம்பல் புடவை. கூட்டத்தில் பதினெட்டுப் பேர், பஜ்ஜி. எழுதி வைத்ததைப் படிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கார்டு, காப்பிக் கோப்பை, பக்கவாட்டுக் கதவு, எல்லாம்.

வெங்கடேசன்: "மேடம், சிபாரிசெல்லாம் லஞ்சமா? அப்ப நாம எல்லாருமே உள்ளதான் இருக்கணும்!" பெரிய சிரிப்பு.

"ஆமாம்" என்றேன். சிரிப்பு நின்றது.

திங்கட்கிழமை தா.அ.வுக்குப் போகிறேன், டோக்கன் எடுத்து, லஞ்சம் கேட்டதை எழுத்தில் கொடுப்பேன், கூட யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் பஜ்ஜித் தட்டைப் பார்த்தார்கள். மைதிலி மாமி: "எனக்கு வரணும்னுதான் இருக்கு. திங்கக்கிழமை கார்த்தால பிளம்பர் வரான்." வெளியே வரும்போது ஒருவர் காதோடு: "அந்தத் தாசில்தார் நம்பர் இருக்கா மேடம்? ஒரு பட்டா விஷயம்."

ஷாகிரா வீட்டுக்குப் போனேன். சந்துக்குள் இதுவரை போனதில்லை, ஐந்தாவது கதவு. ஆட்டோவுக்குமேல் பிளாஸ்டிக் தாள் கட்டியிருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் பொறு, கேட்டால் இல்லையென்று சொல், நான் பக்கத்தில் இருப்பேன் என்றேன்.

"கார்டு?"

"கிழிச்சாச்சு."

ஆட்டோத் தாளின் கயிற்றை இழுத்துக் கட்டினாள். "கடைசி தபா. அப்பால என்னைக் கேக்கக் கூடாது."

ஜூன் 15, ஞாயிறு

மழை. மனு எழுதினேன், ஒரு பக்கம். தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள். ஒரு வரிகூட மிகை இல்லை. கான்வென்டில் சாப்பாட்டு வரிசையில் முந்தினால் தட்டோடு கடைசிக்குப் போக வேண்டும், யார் வீட்டுப் பெண்ணானாலும். சிஸ்டர் திட்டவே மாட்டார், விரலால் வாசலைக் காட்டுவார். ஒரு முறை நான் போயிருக்கிறேன். சாம்பார் தீர்ந்திருந்தது.

தூக்கம் வராது. ஊருக்குப் பெட்டி கட்டும் படபடப்பு மறுபடியும்.

ஜூன் 16, திங்கள்

தா.அ.விலிருந்தே எழுதுகிறேன். ஷாகிராவுக்கு இன்றும் 9. எல்லாரும் எடுக்கும்வரை காத்திருந்து கடைசியாக எடுத்தேன்: 31.

10.50. மூ.க. என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "அம்மா, நீங்க ஏன் இங்க? உள்ள வாங்க, சார் இருக்காரு." "என் நம்பர் முப்பத்தொண்ணு" என்றேன். கையிலிருந்த மனுவின் தலைப்பைப் படித்தார். முகம் செங்கல் இல்லை, சுண்ணாம்பு.

11.20. ஐந்து. பத்தாம் நம்பர்க் கிழவி வெற்றிலை நீட்டினாள். என்னைவிடச் சின்னவள்தான்.

11.45. ஏழு. முழங்கால் கேட்கவே வேண்டாம். இன்று இரண்டு மின்விசிறி சுற்றுகிறது.

12.10. எட்டு. ஷாகிரா பர்ஸை என் மடியில் வைத்துவிட்டாள். "உங்ககிட்டயே இருக்கட்டும். கையில இருந்தா ஜிப்பு தானா தொறக்கும்." பிறகு: "பக்கத்துல நில்லுங்க. ஆனா பேசாதீங்கம்மா. நானே கேக்கறேன், ரசீது."

சரி என்றேன். பர்ஸை என் கைப்பையின் பக்க ஜிப்பில்

ஒன்பது!