அண்ணன் பெட்டியில் என் பாஸ்போர்ட்

பிப்ரவரி 3, திங்கள்

டிக்கெட் போட்டுவிட்டேன். திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூர் வழியாக ஹனோய். மார்ச் எட்டாம் தேதி கிளம்புகிறேன்.

ஸ்கேன் சென்டரில் கூட வேலை பார்க்கிற ரீபாவிடம் மட்டும்தான் சொன்னேன். மதியத்துக்குள் வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கேள்வி: யார் கூட? வியட்நாம் எங்கே இருக்கிறது, அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஒருத்தராவது கேட்கக் கூடாதா? முப்பத்தெட்டு வயதாகிறது. நாள் முழுக்க ஊரார் எலும்பையெல்லாம் எக்ஸ்ரே எடுத்துக் கொடுக்கிறேன். அதற்கு மட்டும் யாரும் துணை தேடச் சொல்வதில்லை.

போன வருஷம் இலங்கைக்குத் தனியாகப் போய் வந்ததில் கற்றது: தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏற முடியாத பையைத் தூக்காதே. பணத்தை ஒரே இடத்தில் வைக்காதே. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போனிலும் ஈமெயிலிலும் போட்டு வை.

பிப்ரவரி 4

வீட்டில் சொன்னேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "யாரு கூட?" என்றான். இவனுமா!

பிப்ரவரி 9, ஞாயிறு

அண்ணனிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். தர மாட்டானாம்.

அக்டோபரில்தான் அண்ணன் சவுதி வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்தான். வந்த வாரமே களக்காட்டு வாழைத் தோட்டத்துப் பத்திரம், ரேஷன் கார்டு, அம்மாவின் ஆதார் என்று எல்லாவற்றையும் வாங்கி, அங்கிருந்து கொண்டுவந்த பெரிய பெட்டியில் போட்டு நம்பர் பூட்டுப் போட்டான். என் பாஸ்போர்ட்டையும் கேட்டான். வீட்டுக்கு மூத்தவன், பொறுப்பாக இருக்கிறானே என்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மடச்சி.

"ஏங்கிட்டயே இருக்கட்டும்ட்டி. பத்திரமா இருக்கும். ஒத்தையில அவ்வளவு தூரம் என்னத்துக்கு? நான் சொல்லுதப்போ போவலாம்."

எப்போது சொல்லுவாய்? எனக்குப் பல்லெல்லாம் விழுந்த பிறகா?

பிப்ரவரி 10

கேட்டேன். தரவில்லை.

பிப்ரவரி 13

வியட்நாம் விசா ஈமெயிலில் வந்துவிட்டது. போனில் இருந்த படத்தை வைத்தே விண்ணப்பித்திருந்தேன். முகம் தெரியாத ஒரு நாட்டு அதிகாரி என்னை நம்பி உள்ளே வா என்கிறார். கூடப் பிறந்தவன் வாசலைத் தாண்டாதே என்கிறான்.

விசாவை அச்செடுத்து, அவன் தினமும் விபூதி எடுக்கிற சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.

பிப்ரவரி 16

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அண்ணன் பெண்டாட்டி செல்வமணி மைனி பக்கத்தில் வந்து நின்றாள். பூட்டின் நம்பர் தனக்குத் தெரியும், அண்ணன் தோட்டத்துக்குப் போன பிறகு எடுத்துக்கொள் என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், பாவம். மாட்டினால் அவள் பாடுதான் திண்டாட்டம்.

வேண்டாம் என்றேன். என் சாமானை நானே எதற்குத் திருட வேண்டும்? பூட்டியவன் திறந்து, அவன் கையால் தர வேண்டும்.

பிப்ரவரி 19

ஹனோயில் அறை போட்டேன். கடைசி நேரத்தில் ரத்து செய்தாலும் பணம் பிடிக்காத இடம். தனியாக ஊர் சுற்றக் கிளம்புகிற பெண்கள் கவனிக்க: வீட்டில் மூத்த ஆம்பிளை இருந்தால் இப்படிப்பட்ட அறையாகப் பார்த்துப் போடவும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்.

அப்பா இறந்தபோது அண்ணனால் வர முடியவில்லை. அங்கே அவனை வேலைக்கு எடுத்த முதலாளி, கபீல் என்பார்கள், போன அன்றே பாஸ்போர்ட்டை வாங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டவன். அப்பா செத்த வாரம் அந்த ஆள் அலமாரியைப் பூட்டிவிட்டு எங்கேயோ போயிருந்தான். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு அண்ணன் வந்து சேர்ந்தபோது, அப்பாவின் சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்தாகிவிட்டது. கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இன்று மத்தியானம் சாப்பிடும்போது, வெளிநாட்டில் எந்தப் பெண்ணையோ யாரோ ஏமாற்றிய செய்தியைப் போனில் வாசித்துக் காட்டினான். இத்தனை வருஷம் வெளிநாட்டில் கிடந்தவனுக்குத் தெரியாதா என்றான். என்ன தெரியும்? தங்கின ஷெட்டும் வேலை செய்த இடமும் ஏர்போர்ட்டும். ஒரு நாளாவது ஒரு ஊரைப் பார்க்க என்று போயிருப்பானா? மறுபடியும், பத்திரமா இருக்கும் என்று ஆரம்பித்தான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ—

"உன் கபீலும் இதத்தான சொன்னான்? ஏங்கிட்ட பத்திரமா இருக்கும்னு?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அண்ணன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் தேவலை. கையைக் கழுவிவிட்டு வெளியே போனான். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

நான் சொன்னது பொய்யா? இல்ல. சொல்லியிருக்கணுமா? தெரியல. ஆனா என்னைய ஏன் அவ்வளவு தூரத்துக்குத் தள்ளுதான்? தன் மேல விழுந்த அடிய எதுக்கு எனக்குத் தாரான்?

பிப்ரவரி 24

வீட்டில் டிவி மட்டும் பேசியது.

பிப்ரவரி 26

காலையில் ஸ்கூட்டர் சாவி எடுக்கப் போனேன். சாவி மாட்டுகிற ஆணிக்குக் கீழே, ஷெல்பில், பிளாஸ்டிக் கவரில் பாஸ்போர்ட். கூடவே இரண்டு ஜெராக்ஸ். ஒன்று பையில் வைக்க, ஒன்று வீட்டில் வைக்க என்று மைனியிடம் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டானாம்.

கையில் தரவில்லை, பார்த்தாயா. வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்குள் கெட்டித்தனமாக ஜெராக்ஸ் வேறு. நன்றி சொல்ல மாட்டேன். என்னுடையதை எனக்குத் தந்ததற்கு எதற்கு நன்றி?

மார்ச் 8, சனி

கேட்காமலே பையைத் தூக்கி பைக்கில் வைத்து, பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டான். நாகர்கோவில் பஸ் கிளம்பும்வரை தூணுக்குப் பக்கத்தில் நின்றான். கையாட்டவில்லை. நானும் ஆட்டவில்லை. கோபம் இன்னும் போகவில்லை, எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, ஹனோய்

ஏர்போர்ட்டிலேயே சிம் வாங்கிவிடு. டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், நிற்காமல் பஸ்ஸுக்கு நட. பஸ் ஹோட்டலுக்கு எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டது. நடுவில் ரோடு முழுக்க மோட்டார் சைக்கிள். எங்கள் ஊர் வண்ணார்பேட்டை நெரிசலில் பழகிய நானே ஓரத்தில் நின்றுவிட்டேன். ஒரு கிழவி நடந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்: ஓடாதே, நிற்காதே, பைய நடந்துகொண்டே இரு. வண்டிகள் தாமாகவே விலகிப் போகின்றன.

ஹோட்டல் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். தங்க வருகிறவர்கள் விவரத்தை அவர்கள் போலீஸுக்கு அனுப்ப வேண்டுமாம், அது எல்லா இடத்திலும் உள்ளதுதான். கொடுத்தேன். அவள் டிராயரில் போட்டு மூடிவிட்டு, கிளம்பும்போது வாங்கிக்கொள் என்றாள்.

மூடிய டிராயரைப் பார்த்தபடியே போனை எடுத்தேன். யாரிடம் கேட்பது? ரீபாவிடமா? விரல் அண்ணன் பேருக்குத்தான் போனது. என்ன நடந்தது என்று இரண்டு வரி அடித்தேன். உடனே குரல் செய்தி வந்தது.

"ஏட்டி, குடுத்துட்டு மேல போயிராத. உன் கண்ணு முன்னால எழுதிக்கிடட்டும். திருப்பித் தார வரைக்கும் அங்கனயே நில்லு. சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாங்க, பத்திரமா இருக்கும்பாங்க. நம்பாத. ஒருக்கா கைமாறிட்டுன்னா, பொறவு நாம கேட்டுக்கிட்டு நிக்கிற ஆளாயிருவோம்."

இரண்டு தடவை கேட்டேன்.

அங்கேயே நின்றேன். அந்தப் பெண் சிரித்தாள், பத்திரமாக இருக்கும் என்றாள். அண்ணன் எடுத்து வைத்திருந்த ஜெராக்ஸைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவள் யோசித்தாள். பின்னால் வரிசை நின்றது, நான் நகரவில்லை. கடைசியில் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு, விவரத்தை எழுதிக்கொண்டு, பாஸ்போர்ட்டைத் தந்தாள். அதைக் கையில் பிடித்தபடி படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். சரி என்று மட்டும் பதில் போட்டான்.

குறித்து வைக்கிறேன்: ஹோட்டலில் ஜெராக்ஸைக் கொடு. பாஸ்போர்ட்டை யார் கையிலும் விட்டு வைக்காதே. இதைச் சொன்னது அண்ணன்.