இரண்டு வெள்ளைப் புள்ளிகள்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு சின்ன உண்மையைச் சொல்ல எனக்கு ஏன் ஒன்பது மாதம் ஆனது? தெரியவில்லை. யோசித்தால் சாக்குகள்தான் வருகின்றன, பதில் வரவில்லை.

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உங்களுக்கு அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? பட்டறையில் லாரி கழுவத்தான் விடுகிறார்களாமே. "சொந்த அண்ணன் காரையே கெடுத்தவன்" என்ற பேச்சு உங்களுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கார் கொட்டகையில் நீங்கள் இன்ஜினைப் பிரித்துச் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினீர்களே, அந்த வாரம். பல்சக்கரத்தில் இருந்த பழைய குறி தேய்ந்துபோயிருந்தது. டைமிங் செயினைக் கழற்றுமுன் என் மேசையிலிருந்த ஒயிட்னரை வாங்கி, செயினில் ஒரு புள்ளி, சக்கரத்தில் ஒரு புள்ளி வைத்தீர்கள். "இந்த ரெண்டும் நேரா நின்னாத்தான் அண்ணி, இன்ஜினுக்கு உயிர்" என்றீர்கள். தலையாட்டினேன். பாதிதான் காதில் விழுந்தது.

மறுநாள் நீங்கள் கேஸ்கெட் வாங்கப் போனபோது, உதவி செய்வதாக நினைத்து செயினையும் சக்கரத்தையும் மண்ணெண்ணெயில் கழுவினேன். புள்ளிகள் துணியோடு போய்விட்டன. சொல்லியிருந்தால் என்னைக் கேலி செய்துவிட்டு வேறு வழி பார்த்திருப்பீர்கள். நானோ அதே ஒயிட்னரை எடுத்து, ஞாபகத்திலிருந்த இடத்தில் மறுபடி வைத்தேன். தப்பை மூடுவதற்கென்றே விற்கிற பொருள்தானே.

வண்டியைக் கிளப்பியபோது நான் சமையலறையில் இருந்தேன். தகரத்தைச் சுத்தியலால் அடித்ததுபோல் கேட்டது. வெளியே வந்தால் அண்ணன், "மெக்கானிக்காம் மெக்கானிக்! இருந்த வண்டியையும் இல்லாம ஆக்கிட்டான்" என்று கத்திக்கொண்டிருந்தார். பிரித்துப் பார்த்தபோது வால்வுகள் வளைந்திருந்தன. நீங்கள் என்னைப் பார்த்து, "குறி சரியாத்தானே இருந்துச்சு? நீங்களும் பாத்தீங்கல்ல, அண்ணி?" என்றீர்கள்.

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் தம்பி?" என்றேன்.

இவ்வளவு படித்தவளுக்கு, தெரியாது என்று சொல்வது அன்று மட்டும்தான் சுலபமாக இருந்தது.

இந்தக் கடிதத்தை உங்கள் முதலாளியிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் என்னையே கேட்கட்டும், முகவரி உறையில் இருக்கிறது. என்னை மன்னிக்க வேண்டாம். உங்கள் கை மறுபடி இன்ஜினில் பட்டால் போதும். நன்றாக இருங்கள்.

வெட்கத்துடன்,
அண்ணி

மறுநாள் காலை: உறையை ஒட்டுமுன் அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு முறை படித்தார். கத்தப்போகிறார் என்று நின்றிருந்தேன். "இன்ஜினைக் கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டுக் கிளப்பலாம்ணா, எங்கயாவது இடிச்சா அப்பவே தெரிஞ்சிடும், கொஞ்சம் பொறுங்கன்னான். நான்தான் கேக்காம சாவியைத் திருப்பினேன்" என்றார். நீங்கள் இதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. பேனாவைக் கேட்டார். கொடுத்தேன். இதன் கீழே இருப்பது அவர் கையெழுத்து.